கூரையை மாற்றிவிட்டோம், பாலிசியில் இன்னும் பழைய ஓடுதான் இருக்கிறது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். என் மாமனார் காலத்து ஓட்டு வீடு. விட்டத்தையும் ரீப்பரையும் கரையான் அரித்து, மழை வந்தால் ஆசாரத்தில் (கூடத்தில்) பாத்திரம் பாத்திரமாக வைக்க வேண்டிய நிலை வந்ததால், போன தை மாதம் ஓட்டைப் பிரித்துவிட்டு இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) ஏற்றிக் கலர் ஷீட் போட்டோம். நான்கு லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்கு மூன்று வருடத்துக்கு முன்பு ஐந்து வருடப் பாலிசி எடுத்திருக்கிறோம். கூரை மாறியதைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா? "முன்னைக்கு நல்ல கூரைதானே போட்டிருக்கிறோம், சொன்னால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள்" என்கிறான் மகன். ஆடிக் காற்று வருவதற்குள் பதில் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.
– தாராபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, கட்டாயம் சொல்ல வேண்டும். ஆடி வரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. மக்கிப்போன மர விட்டத்தை விட இரும்பு டிரஸ் உறுதியானது என்பதில் கம்பெனிக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் காப்பீடு என்பது நீங்கள் எழுதிக் கொடுத்த விவரத்தை நம்பிக் கம்பெனி கையெழுத்திட்ட ஒப்பந்தம். மூன்று வருடத்துக்கு முன்பு நீங்கள் நிரப்பிய படிவத்தில் கூரை எதனால் ஆனது என்ற இடத்தில் ஓடு என்று எழுதியிருப்பீர்கள். இன்றைக்கு வீட்டின் மேல் இருப்பது வேறு கூரை. தாளில் இருப்பது வேறு கூரை. சேதம் நடக்காத வரையில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. சேதம் நடந்து, அதை மதிப்பிட ஆய்வாளர் வந்து ஏணியில் ஏறும்போதுதான் அது முதல் கேள்வியாக எழும்.

வீடுகளுக்கான பொதுவான தீ மற்றும் இயற்கைச் சீற்றப் பாலிசியை எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்து, 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் அது நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பாலிசியின் முதல் பக்கத்தில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீ, இடி மின்னல், புயல், சூறைக்காற்று, வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, வீட்டின் மேல் மரம் விழுதல், வாகனம் மோதுதல், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிதல் முதலியவை இதில் அடங்கும். இழப்பீடு என்று வரும்போது, சேதம் நடந்த நேரத்தில் வீடு எந்த நிலையில் இருந்ததோ ஏறத்தாழ அதே நிலைக்குத் திரும்பக் கொண்டுவர ஆகும் பழுதுபார்ப்புச் செலவையே கம்பெனி கணக்கிடும். அந்த நேரத்து நிலை என்ன என்பதை யார் காட்டுவது? நீங்கள்தான் காட்ட வேண்டும். நான்கு லட்சம் ரூபாய்க் கூரை அங்கே இருந்தது என்பதற்குத் தாளில் ஆதாரம் இல்லாவிட்டால், கரையான் அரித்த பழைய கூரையின் விலையிலிருந்துதான் பேச்சே தொடங்கும்.

நான் சேத ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில் உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இடையில் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தது இன்னும் மறக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு ஷீட்டுகள் பிய்த்துக்கொண்டு போய், ஒன்று தென்னை மரத்தில் சுற்றிக்கொண்டும், மற்றவை நிலக்கடலைக் காட்டில் சிதறியும் கிடந்தன. என் கையிலிருந்த பாலிசி நகலில் 'நாட்டு ஓடு, மர விட்டம்' என்று இருந்தது. ஷீட் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "போன வருசம் மாசியிலீங்க" என்றார் வீட்டுக்காரர். பில் இருக்கிறதா என்றதற்கு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு கூட்டல் கணக்கை எடுத்து வந்தார். தேதி இல்லை, கையெழுத்து இல்லை, ஷீட் போட்ட ஆளும் வேலைக்காகக் கேரளத்துக்குப் போய்விட்டிருந்தார். கடைசியில் கைகொடுத்தது பேத்தியின் காதுகுத்துப் படம். பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்திருந்த அந்தப் படத்தின் பின்னணியில் புது ஷீட்டும், அதைக் கம்பியோடு பிணைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்த ஜே போல்ட்டும் தெளிவாகத் தெரிந்தன. அழைப்பிதழில் தேதி இருந்தது. இழப்பீடு கிடைத்தது. ஆனால் அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. ஐப்பசி மழைக்கு அந்தக் குடும்பம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருந்தால் அந்த நான்கு மாதத்தை அவர்கள் இழந்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தில் நீங்கள் எழுத வேண்டியது அதிகமில்லை. பாலிசி எண், வீட்டு முகவரி, பழைய கூரை இன்னது, வேலை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, புதிய கூரையில் போட்டிருக்கும் பொருள், ஷீட்டின் கனம், மொத்தச் செலவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இந்த மாற்றத்தைப் பாலிசியில் எண்டார்ஸ்மெண்டாக (பாலிசியோடு இணைக்கும் திருத்தத் தாளாக) சேர்த்துத் தருமாறு கேளுங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிட வேண்டாம். ஏஜெண்ட் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் அவருக்குச் சொன்னது கம்பெனியின் கோப்பில் ஏறினால்தான் உங்களுக்குப் பயன்படும். கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது பாலிசியில் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பி அந்த அஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எண்டார்ஸ்மெண்ட் தாள் கைக்கு வந்ததும் அதில் தேதியும் கூரையின் விவரமும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

கடிதத்தோடு பில்லையும் படங்களையும் இணைக்க வேண்டும். ஷீட் வாங்கிய கடையின் ஜி.எஸ்.டி. பில் இருந்தால் மிகவும் நல்லது. கூலிக்கு வெள்ளைத் தாளில்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்றால், இப்போதாவது வேலை செய்தவரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். வங்கி வழியாகக் கட்டிய தொகைக்குக் கணக்குப் புத்தகப் பதிவே சாட்சி. படம் எடுக்கும்போது வாசலில் நின்று ஒன்று எடுத்தால் போதாது. நான்கு பக்கமும் எடுங்கள். உள்ளே நின்று டிரஸ் சுவரில் உட்காரும் இடத்தையும், ஷீட்டைக் கம்பியோடு பிணைத்திருக்கும் போல்ட்டையும் ரப்பர் வாஷரையும் கிட்டத்தில் எடுங்கள். காற்று பிய்த்த கூரையில் கம்பெனி முதலில் கேட்பது, காற்றின் வேகத்தால் போனதா அல்லது சரியாகப் பிணைக்காததால் போனதா என்பதைத்தான். பிணைப்பு ஒழுங்காக இருந்தது என்று காட்ட அந்தப் படம் ஒன்றே போதும்.

இன்னொன்று, உங்கள் ஊராட்சி வீட்டு வரி ரசீதில் வீட்டின் வகை என்னவென்று இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஓட்டு வீடு, தார்சு (மொட்டை மாடி) வீடு என்று கூரையை வைத்து வகை பிரிக்கும் வழக்கம் உண்டு. வீடு உங்களுடையது என்பதற்கு ஆய்வாளர் கேட்கும் தாள்களில் அந்த ரசீதும் ஒன்று. பாலிசியில் ஷீட், ரசீதில் ஓடு என்று இரண்டு தாள்கள் இரண்டு கதை சொன்னால் வீண் கேள்விதான் எழும்.

இனி பிரீமியம். உங்கள் மகனுக்கு இருக்கும் கவலை எல்லோருக்கும் இருப்பதுதான். பிரீமியம் முக்கியமாகக் காப்பீட்டுத் தொகையைப் பொறுத்தே அமைகிறது. தொகையை உயர்த்தினால் மீதமிருக்கும் இரண்டு வருடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கேட்பார்கள். அப்படியானால் தொகையை உயர்த்த வேண்டுமா? இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். வீட்டின் உள்பரப்பை, இன்றைக்கு ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவால் பெருக்கி வருவதே கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை. 1,200 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்தால் 24 லட்சம். இதில் மனையின் விலை சேராது. நம் பக்கத்தில் இடத்தின் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தைப் பார்த்துவிட்டு வீட்டை 80 லட்சத்துக்குப் போட்டு வீணாகப் பிரீமியம் கட்டுகிறவர்களும் உண்டு, பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுக்கூலியை மனதில் வைத்துக்கொண்டு 8 லட்சத்துக்குப் போடுகிறவர்களும் உண்டு. நிலத்தைக் காற்றும் தீயும் கொண்டுபோவதில்லை. கட்டுமானச் செலவை மட்டும் பாருங்கள்.

நீண்ட காலப் பாலிசியில் கட்டடத் தொகை ஒவ்வொரு வருடமும் 10 சதவீதம் தானாக உயரும். தொடக்கத் தொகையைப் போல் இரு மடங்கு வரை இப்படி உயர இடமுண்டு, அதற்குத் தனிப் பிரீமியம் கிடையாது. தவிர, வீட்டின் உண்மை மதிப்புக்குக் குறைவான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தாலும் அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கும் பழைய முறை இந்தப் பாலிசியில் இல்லை. இவை இரண்டும் பெரிய வசதிகள். ஆனால் அந்த 10 சதவீதம் விலைவாசி ஏற்றத்துக்காகச் சேர்வது. நீங்கள் புதிதாகப் போட்ட நான்கு லட்சத்தை அது அறியாது. எவ்வளவு சேதமானாலும் காப்பீட்டுத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது என்பதும் மாறவில்லை. ஆகவே இன்றைய நிலையில் வீட்டை முழுதாகத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்று உங்கள் ஊர் மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ கேட்டுக்கொண்டு, பாலிசியில் இப்போது ஏறியிருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். போதுமானதாக இருந்தால் கூரையின் விவரத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் தொகையையும் உயர்த்தச் சொல்லுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களுக்கும் இதே பாலிசியில் காப்பீடு சேர்ந்து வருவதால், கட்டடத் தொகை குறைவாக இருந்தால் அந்தப் பங்கும் குறைந்துவிடும். கூரை போனால் அடுத்து நனைவது பீரோவும் டிவியும்தானே.

எதற்குக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட தேய்மானம், துரு, சாதாரண மழையில் போல்ட் துளை வழியாகச் சொட்டும் ஒழுகல் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. அது பராமரிப்பில் சேரும். வேலை செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, ஆனி பிறப்பதற்குள், ஒரு ஆளை ஏற்றிப் போல்ட்டுகளை முறுக்கிவிட்டு அன்றைக்கே படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையை இனிமேல்தான் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டைப் பிரித்த பிறகு எழுதுவதை விட, பிரிப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவிப்பது நல்லது. பழைய கூரை இறங்கிப் புதியது ஏறாத அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் வீடு வானம் பார்த்துக் கிடக்கிறது. சித்திரையில் திடீரென்று அடிக்கும் கோடை மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அந்த நாட்களுக்குப் பாலிசி எந்த அளவுக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே போல், கூரை மேல் வேலை செய்கிற ஆள் தவறி விழுந்தால் அதற்கு உங்கள் வீட்டுப் பாலிசி பொறுப்பேற்காது. வேலையை எடுத்துச் செய்கிறவர் தம் ஆட்களுக்குத் தனிப் பாலிசி வைத்திருக்கிறாரா என்று கேட்ட பிறகே ஏணியைச் சாத்த விடுங்கள்.

கேள்வி: பல்லடத்தில் 1,100 சதுர அடித் தார்சு வீடு. மொட்டை மாடி ஒழுகியதால் அதன் மேல் ஷீட் போட்டோம். இடம் வீணாகக் கிடக்கிறதே என்று அதில் 280 சதுர அடிக்கு ஹாலோ பிளாக்கில் சுவர் எழுப்பி நான்கு தையல் மெஷின் போட்டிருக்கிறோம். பனியன் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறோம். கூரையை மாற்றியதாக மட்டும் எழுதினால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் ஒரே வேலையில் மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறீர்கள். ஷீட் போட்டது ஒன்று, அறை கட்டியது இரண்டு, வீட்டுக்குள் தொழில் தொடங்கியது மூன்று.

பாலிசி தொடங்கிய நாளில் அல்லது புதுப்பித்த நாளில் இருந்த உள்பரப்பை விட 10 சதவீதத்துக்கு மேல் பரப்பைக் கூட்டும் எந்தக் கட்டுமானத்துக்கும், கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மெண்ட் வாங்கியிருந்தாலொழிய இழப்பீடு இல்லை என்று பாலிசி வாசகம் நேராகவே சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு 10 சதவீதம் என்பது 110 சதுர அடி. திறந்த மொட்டை மாடியாக இருந்தவரையில் அதன் பரப்பில் கால் பங்குதான் கணக்கில் வரும். சுவர் எழுப்பி அறையாக்கியதும் கணக்கே மாறிவிடுகிறது. கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் அந்த அறை காப்பீடு இல்லாத அறைதான்.

தொழில் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தப் பாலிசி குடியிருப்புக்கானது. தையல் மெஷினும், அடுக்கி வைத்திருக்கும் துணிக்கட்டும் வீட்டுச் சாமானில் சேரா. அந்தத் துணியும் உங்களுடையது இல்லை. எரிந்துபோனால் பனியன் கம்பெனி உங்களிடம்தான் கணக்குக் கேட்கும். மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனிப் பாலிசி இருக்கிறது. அதுவும் 2021 ஏப்ரலில் வந்ததுதான். மெஷினையும் துணியையும் அதில் போடுங்கள். ஆனால் அதில் தொகையைக் குறைத்துப் போட்டால் 15 சதவீதம் வரைதான் பொறுத்துக்கொள்வார்கள். குறை அதற்கு மேல் போனால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே மேலே சொன்ன வீட்டுப் பாலிசியைப் போல் அதை நினைத்துவிடாதீர்கள். சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் வீட்டோடு சேர்த்துத் தறி போட்டிருக்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: பொள்ளாச்சியில் வங்கிக் கடனில் வாங்கிய பழைய ஓட்டு வீடு. இப்போது காங்கிரீட் போட்டு, மேலே சோலார் பேனலும் வைத்துவிட்டோம். வங்கியே இன்சூரன்ஸ் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். நாங்கள் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் வங்கி போட்டது எந்த இன்சூரன்ஸ் என்று கேட்டு நகலை வாங்குங்கள். கடன் வாங்கியவருக்கு ஏதாவது நேர்ந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீட்டை, வீட்டுக்கான காப்பீடு என்று பல வருடம் நம்பியிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் வீடு என்ற சொல்லே இருக்காது. வீட்டுப் பாலிசிதான் என்றால், தொகை கடன் பாக்கிக்கு மட்டும் போட்டதா, முழுக் கட்டுமானச் செலவுக்கா என்று பாருங்கள். கடன் பாக்கிக்கு மட்டும் என்றால் வீடு போனாலும் வங்கியின் பணம் பிழைக்கும். உங்கள் கையில் மிஞ்சுவது குறைவு. மாற்றத்தைக் கம்பெனிக்கு எழுதும்போது வங்கிக்கும் ஒரு நகல் கொடுங்கள், ஏனெனில் கடன் இருக்கும் வரையில் இழப்பீட்டில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

வீட்டோடு நிலையாகப் பொருத்திய சோலார் பேனல் கட்டடக் காப்பீட்டில் சேரக்கூடியதுதான். ஆனால் அதன் மதிப்பைத் தனியாகக் குறிப்பிட்டுத் தொகையில் கூட்ட வேண்டும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் பெற்றிருந்தாலும், மானியம் கழித்த தொகையை எழுத வேண்டாம். பேனல் உடைந்தால் மறுபடி வாங்குவது முழு விலைக்குத்தான்.

காங்கிரீட் விஷயத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். ஓட்டின் பாரத்துக்கென்று மண் சாந்தில் எழுப்பிய சுவர், காங்கிரீட்டின் பாரத்தைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. தூண் எழுப்பி ஏற்றியிருந்தால் பயமில்லை. எப்படிச் செய்தோம் என்று பொறியாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு வந்த நிலநடுக்கம் நம் பக்கத்தையும் அசைத்திருக்கிறது. பாலிசியில் நிலநடுக்கம் அடங்கியிருந்தாலும், சுவர் தாங்காமல் விழுந்ததா நிலம் அசைந்து விழுந்ததா என்ற வழக்கு வரும்போது அந்தக் கடிதம் பேசும்.

கேள்வி: கூரை மாற்றியதை எழுதிக் கொடுத்து ஒப்புகையும் வாங்கியிருந்தேன். ஆனாலும் காற்றில் போன கூரைக்கு, பாலிசியில் அந்த விவரமே இல்லை என்று இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை.
– கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: வக்கீல் வேண்டியதில்லை. ஒப்புகை நகலை இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடு முழுவதும் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். உங்கள் புகாரைக் கம்பெனி மறுத்த நாளிலிருந்து, பதிலே வராவிட்டால் அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து, ஒரு வருடத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆகவே புகார் கொடுத்த தேதியையும் அதற்கு வந்த பதிலின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டை மறுத்ததை வாயால்தான் சொன்னார்கள் என்றால், காரணத்தோடு எழுத்தில் தரும்படி முதலில் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்.